காயவிடக் கூடாத மணல்

அன்புள்ள செல்வம்,

காட்பாடி மனைக்குக் கிரயம் முடிந்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவை முழங்கால் வலிக்காகப் போன வாரம் சிஎம்சிக்குக் கூட்டிப் போய் வந்தேன், இப்போது பரவாயில்லை.

லேபில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். மணல் செய்கிறேன்டா! நாம் விளையாடிய பாலாற்று மணலிலும் நிறைய இருப்பது இதே சிலிக்காதான். ஆனால் என் மணிகளின் குறுக்களவு 15 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் 5,000 மணிகளை வரிசையாக அடுக்கலாம்.

1968-ல் ஸ்டோபரும் கூட்டாளிகளும் சொன்ன அம்மோனியா முறையில் இவ்வளவு பொடியாக, ஒரே அளவில் எடுப்பது கஷ்டம். அதனால் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, 60 டிகிரியில் டிஇஓஎஸ் என்ற, சிலிக்கா தரும் திரவத்தை ஊற்றுகிறேன். அது எண்ணெய் மாதிரி மேலே மிதக்கும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, தண்ணீருக்குள் மணிகளாக மாறி மறைந்துவிடும். குடுவையை ஜன்னலோரம் பிடித்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும்; பக்கவாட்டில் பார்த்தால் லேசாக ஒரு நீலம் ஓடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஒரு கிராம் மணிகளின் மேற்பரப்பு கிட்டத்தட்ட 200 சதுர மீட்டர். உன் அஞ்சு சென்ட் மனை அளவு! அதில்தான் பாலிமர் நடவு, அதாவது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை நாற்று மாதிரி வளர்ப்பது. புரோமின் உள்ள மூலக்கூறை முதலில் ஒட்டிவிட்டால், செம்பு உப்பின் துணையோடு அதன் நுனியிலிருந்து பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் சங்கிலி வளரும். ஆக்சிஜன் புகுந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால், கலவையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காற்றை உறிஞ்சி, பிறகு உருகவிட்டு, இப்படியே மூன்று தடவை செய்ய வேண்டும்.

போன மாதம் ஒரு தப்பு செய்துவிட்டேன். நடவுக்கு முன்னால் எடை பார்க்கலாமென்று மணிகளை ஓவனில் காயவைத்தேன். ஆற்று மணல் காய்ந்தால் விரலிடுக்கில் உதிரும். இது நேர்மாறு. மேலே இருக்கும் ஹைட்ராக்சில்கள் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள்) தண்ணீரை விட்டுவிட்டு, மணியோடு மணி பிணைந்து கட்டியாகிவிட்டது. ஒலி அதிர்வால் கட்டிகளை உடைக்கும் சோனிகேட்டரில் வைத்தும் பிரியவில்லை. ஆறு வார உழைப்பு போச்சு. இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

இப்போது ஒரு கட்டத்திலும் காயவிடுவதில்லை. தண்ணீரிலிருந்து ஆல்கஹாலுக்கு, அதிலிருந்து அடுத்த கரைப்பானுக்கு என்று ஈரத்தோடேயே மாற்றுகிறேன். நேற்று சங்கிலி வளர்ந்த மணிகளை, பாலிஸ்டைரீனைக் கரைக்கும் டொலுயீன் என்ற கரைப்பானில் விட்டேன். கலங்காமல் அப்படியே கலந்துவிட்டது. வெறும் மணியென்றால் கட்டிகட்டியாக அடியில் தங்கியிருக்கும்.

உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். மனைக்கு வேலி போட வரும்போது ஒரு எட்டு லேபுக்கு வா, அந்த நீலத்தைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
குமார்