இரண்டாவது கேரக்டருக்கும் முதல் லெவலிலிருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் விளையாட்டு என்றாலே நாளிதழ்களில் ரம்மியும் அதனால் வரும் கடனும்தான் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் பந்தயம் எதுவும் இல்லாமல், மாதச் சந்தா கட்டி ஆடப்படும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் ஆடுபவரின் நேரம் எப்படிக் கறக்கப்படுகிறது என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத இடம் தர வேண்டுகிறேன்.

அப்படிப்பட்ட ஒன்றான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004 நவம்பரில் வெளிவந்தபோது, ஒரு கேரக்டரை (ஆடுபவர் இயக்கும் பாத்திரத்தை) முதல் லெவலிலிருந்து அறுபதாவது லெவல் வரை கொண்டுபோவதற்கே மாதக்கணக்கில் ஆகும். முதல்முறை ஆடும்போது அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கும் ஊரெல்லாம் புதிது. சிக்கல் இரண்டாவது கேரக்டரில்தான் தொடங்குகிறது. மனித இனத்து வாரியராக (போர்வீரராக) உச்சம் தொட்டவர், அதே இனத்தில் பிரீஸ்டாகவும் (மதகுருவாகவும்) ஆடிப் பார்க்க ஆசைப்பட்டால், மறுபடியும் தொடக்க இடமான நார்த்ஷையர் பள்ளத்தாக்குக்குப் போய், தலையில் மெழுகுவர்த்தி ஏந்திய கோபோல்டுகள் என்ற குட்டிப் பூதங்களில் பத்தைக் கொன்றுவிட்டு வரச் சொல்லும் அதே அதிகாரியின் முன் நிற்க வேண்டியிருந்தது. 2019-ல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் பழைய வடிவம் திரும்ப வந்தபோது, அந்தக் கோபோல்டுகளும் கூடவே வந்துவிட்டன.

இப்படி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கிரைண்ட் செய்தால்தான் ஒரு கிளாஸ் (வாரியர், பிரீஸ்ட் போன்ற வகை) கைவசப்படும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பிரீஸ்டையே எடுத்துப் பார்க்கட்டும். உச்ச லெவலில் அதனிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஹீலிங், அதாவது கூட்டாளிகளின் காயங்களை ஆற்றுவது. ஆனால் அங்கு போய்ச் சேரும் வரை அது தனியாகத் திரிந்து, நிழல் மந்திரத்தாலும் மந்திரக்கோலாலும் ஓநாய்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. எதிரியின் அடியைத் தாங்கி நிற்கும் டேங்க் ஆகப் போகும் வாரியரும் வழியெல்லாம் கேடயத்தை மூட்டை கட்டிவிட்டு இரு கை வாளைத்தான் வீசுகிறார். பிறகு எந்தப் பயிற்சிக்காக இத்தனை லெவல்கள்?

விளையாட்டை நடத்தும் நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளிகளைக் கூட்டித் தரும் ‘ஏர்லூம்’ கவசங்கள் 2008-ல் வந்தன. அதே பாதையில் சற்று வேகமாக ஓட அவை உதவின, அவ்வளவுதான். 2014-ல் ஒரு கேரக்டரை நேரே தொண்ணூறாவது லெவலுக்குத் தூக்கிவிடும் பூஸ்ட்டை 60 டாலருக்கு விற்றார்கள். 2020-ல் உச்ச லெவலையே 120-லிருந்து 60-ஆகச் சுருக்கினார்கள். இவற்றில் எனக்கு ஒவ்வாதது பூஸ்ட்தான். சலிப்பை உண்டாக்குபவரே அதற்கு மருந்தும் விற்கிறார் என்பது ஒரு பக்கம்; பூஸ்ட் வாங்கியவர் எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாமலே, ஐந்து பேர் சேர்ந்து ஆடும் டஞ்சனுக்குள் போய், முன்பின் தெரியாத நான்கு பேரிடம் வசவு வாங்குகிறார் என்பது இன்னொரு பக்கம்.

உருப்படியான வழியை அதே நிறுவனம் 2008-லேயே காட்டியிருந்தது. அப்போது சேர்க்கப்பட்ட டெத் நைட் என்ற புதிய கிளாஸ் 55-ஆவது லெவலில் தொடங்கியது. ஏற்கெனவே 55-ஐ எட்டிய கேரக்டர் ஒன்று வைத்திருப்பவர்தான் அதை உருவாக்க முடியும் என்பது அன்றைய நிபந்தனை. ஆடுபவர் தனக்கென்றே எழுதப்பட்ட ஒரு சிறு கதைக்குள் நுழைந்து, திறன்களை ஒவ்வொன்றாகப் பழகி, முழுக் கவசத்தோடு பொது உலகத்துக்குள் வருகிறார். தெரிந்ததைத் திரும்பக் கேட்காமல், புதியதை மட்டும் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இது. பழைய கிளாஸ்களுக்கு இப்படி ஒன்றை ஏன் எழுதவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ இதில் பரவாயில்லை. அங்கே ஒரே கேரக்டர், ஆயுதத்தை மாற்றினால் ஜாப் (அங்கே கிளாஸுக்கு வழங்கும் பெயர்) மாறிவிடுகிறது. முதன்மைக் கதையை ஒருமுறை முடித்தால் போதும். பின்தங்கிய ஜாப்களுக்கு அனுபவப் புள்ளிகளும் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆனாலும் 2021-ல் வந்த சேஜ் என்ற ஹீலர் 70-ஆவது லெவலில் தொடங்க, அதே ஹீலிங் வேலையைப் பார்க்கும் ஒயிட் மேஜ் ஆக விரும்புபவர் அதன் தொடக்க நிலையான கான்ஜுரராக முதல் லெவலிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கிறது. புதிய ஜாப்பை வாங்க வைக்க வேண்டும் என்றால் மட்டும் ஆடுபவரின் நேரத்துக்கு மதிப்பு வந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு கிளாஸை உச்சம் வரை கொண்டுபோனவருக்கு, மற்ற ஒவ்வொரு கிளாஸையும் ஓரிரு மாலைகளில் பழகி முடிக்கும்படியான தனித் தொடக்கக் கதை வேண்டும். பிரீஸ்ட் என்றால் அதில் ஹீலிங்கும், வாரியர் என்றால் கேடயம் பிடித்து அடி தாங்குவதும் கட்டாயம் இருக்க வேண்டும். நிறுவனங்கள் முதலில் பூஸ்ட் விற்பனையை நிறுத்தட்டும். அது விலை போகும் வரை, பழைய பாதையைச் செப்பனிட எந்த நிர்வாகமும் பணம் ஒதுக்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.