நடு ஸ்பீக்கருக்கு முதலில் செலவு செய்

அன்பு மகளுக்கு,

ஹோம் தியேட்டருக்காக நீ அனுப்பிய மூன்று ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) படங்களையும் அம்மா போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். "எதுப்பா வாங்கறது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன், கண்ணு.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 150 வாட்ஸை நம்பாதே. கீழே பொடி எழுத்தைப் படித்துப் பார். ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழியை மட்டும் ஓடவிட்டு, 6 ஓம் லோடில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) வரை முறுக்கி அளந்ததாக இருக்கும். எல்லாச் சேனலுக்கும் கரண்ட் கொடுப்பது உள்ளே இருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாகக் கேட்டால் இருப்பதைப் பங்கு போட்டுத்தான் அதனால் கொடுக்க முடியும். 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது எத்தனை வாட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். மூன்று மாடலையும் அந்த வரியை வைத்து மட்டும் ஒப்பிடு. அதில் 80 இருந்தால் உன் ஹாலுக்குத் தாராளம்.

கணக்கைச் சொல்கிறேன். உன் ஸ்பீக்கர் 88 டெசிபல். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 88 வரும். உன் சோஃபா 3 மீட்டரில் இருக்கிறது, அங்கே வருவதற்குள் கிட்டத்தட்ட 10 குறையும். 10 வாட்ஸ் கொடுத்தால் அந்தப் பத்தும் திரும்பி வந்துவிடும். அபார்ட்மென்டில் அதற்கு மேல் வைத்துக் கேட்கவும் முடியாது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். 80-க்கும் 100-க்கும் நடுவே ஒரே ஒரு டெசிபல். அதற்காகப் பத்தாயிரம் கூடக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பணத்தை சென்டர் ஸ்பீக்கரில் போடு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடை வைத்திருந்த காலத்தில் 5200, 1943 நம்பர் டிரான்ஸிஸ்டர் போட்டு எத்தனையோ 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) அசெம்பிள் செய்து கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பேஸைத்தான் கேட்டார்கள், நானும் அதையேதான் தூக்கிக் கொடுத்தேன். இப்போது அம்மா படம் பார்க்கும்போது இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை "என்ன சொன்னான்?" என்று என் பக்கம் திரும்புகிறாள். 5.1 படத்தில் பேச்சு பெரும்பாலும் சென்டரில்தான் வரும். முன்னால் வைக்கிற இரண்டும் எந்த ரகமோ அதே ரகத்தில் சென்டரையும் வாங்கு. டிவிக்குக் கீழே, ஸ்டாண்டுப் பலகையின் விளிம்புக்கு இழுத்து வைத்து, முகம் சோஃபாவைப் பார்க்கும்படி லேசாகத் தூக்கிவிடு.

ஏழு சேனல் ரிசீவராகவே எடு. இப்போது 5.1 போதும். சொந்த வீடு வாங்கிய பிறகு சீலிங்கில் இரண்டு மாட்டினால், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸுக்கு அதுவே ஆகும். ஓடிடியில் வரும் அட்மாஸ் சாதாரண ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்கு அனுப்பும் வழி) வழியாகவே வந்துவிடும், உன் டிவி அதை அனுப்புமா என்று மட்டும் பார்த்துக்கொள். ப்ளூரே பிளேயரை டிவியில் சொருகுவதாக இருந்தால்தான் அதைவிடப் பெரிய வழியான இஏஆர்சி தேவை.

அமெரிக்காவிலிருந்து நண்பர் மலிவாகக் கொண்டுவருகிறார் என்றாயே, வேண்டாம். அது 120 வோல்ட். யாராவது மறந்து நம் 230-இல் சொருகினால் அன்றோடு போச்சு.

ஒருமுறை ஒரு ரிசீவர் ரிப்பேருக்கு வந்தது. மூடியைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாடை. ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) பக்கத்து போர்டு பழுப்பேறி, சாலிடர் வளையம் வளையமாக விட்டிருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்திருந்தார்களாம். நீ திறந்த ஸ்டாண்டில் வை. மேலே ஒரு சாண் இடம் விடு, செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதே.

ரிசீவர், தன்னோடு வரும் மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து ஒலியை அளக்கச் சொல்லும். அப்போது ஃபேனை நிறுத்து, குக்கரை இறக்கி வை. அளந்து முடித்ததும் ஸ்பீக்கரெல்லாம் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் (அதற்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்.

வயர் மட்டும் வாங்காதே. அலுமினியத்தில் செம்பு பூசி நிறைய விற்கிறார்கள். என்னிடம் நல்ல செம்பு வயர் ஒரு சுருள் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அம்மாவை சோஃபாவில் உட்காரவைத்து, சென்டரை எத்தனை டெசிபல் தூக்க வேண்டும் என்று அவளையே கேட்டு வைத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா