குருமடத்துப் பேராசிரியரான நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மகளுக்குப் பேறுகாலம் நெருங்குவதால் வீட்டில் ஒரே ஓட்டம். அப்புறம், சாமியாராகப் படிக்கிறவர்களுக்குக் குருமடத்தில் புதிதாக என்ன பாடம் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். பாதியில் வெளியே வந்து ஊர்க் கோயில் காரியங்களைப் பேசும் பங்குப் பேரவைக்குச் செயலாளராகிவிட்டவனிடம் கேட்கிறாய், நீயே அனுபவி.

எங்கள் பங்குக்கு ஓர் இளம் சாமியார் வந்திருக்கிறார். பிரசங்கம் அருமை, சின்னப் பிள்ளைகள்கூட அசையாமல் கேட்கிறார்கள். நோயாளிக்கு நற்கருணை என்றால் ராத்திரியிலும் கிளம்பிவிடுவார். மறுத்துப் பேசுகிறவரோடு உட்கார்ந்து பேசத்தான் அவருக்கு வரவில்லை. திருவிழாத் தேர் ஏன் தாழ்த்தப்பட்டவர்கள் தெருவுக்குள் போவதில்லை என்று பேரவையில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். முன்பிருந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேர் குரலை உயர்த்தியதும், "பங்குத்தந்தை நான், நான் சொல்கிறேன்" என்றார். கூட்டம் கலைந்தது. தேர் இந்த வருஷமும் பழைய வழியில்தான் போனது.

இதைப் பாடம் சரிசெய்யுமா? தத்துவம் இரண்டு, இறையியல் நான்கு என்று குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பைத் திருச்சபைச் சட்டமே கேட்கிறது. சாதியைப் பற்றி அவர் படிக்காமலா வந்திருப்பார்? மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் படுக்கிற குருமட வாழ்க்கையைத்தான் சொல்ல வேண்டும். அங்கே மேலே இருப்பவருக்குக் கீழ்ப்படியப் பழகுகிறான். குருப்பட்டம் வாங்கிய மறுநாள் மற்றவர்கள் தனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நினைக்கிறான். சமமாக உட்கார்ந்து வாதத்தில் தோற்றுப் பழக நடுவில் இடமே இல்லை. பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் என்பதால், வெளியே வந்த பிறகும் அவர் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.

1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்றபோது, சரியாகப் படிக்காத குருக்கள் ஏராளம். பன்னிரண்டு வயதுப் பையன்களைச் சேர்த்து ஒதுக்கி வளர்த்ததில் நியாயம் இருந்தது. இன்று அந்த ஒதுக்கம்தான் இடிக்கிறது. வத்திக்கானுக்கும் இது தெரியாமல் இல்லை. 2016-இல் வந்த குருத்துவப் பயிற்சி விதித்தொகுப்பு, மாணவனை அறிந்த பெண்கள் சிலரிடமும் கருத்துக் கேட்பது நல்லது என்கிறது. 2024 ஆயர் மாமன்ற இறுதி ஆவணமும் பயிற்சியில் பெண்கள் இருக்க வேண்டும், மாணவர்கள் மக்களின் அன்றாட வாழ்வில் கலந்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மடத்தில் எந்தப் பெண்ணிடமாவது கேட்டதுண்டா? நம் காலத்தில் சமையல்கார அக்காவிடம் கேட்டிருந்தால் வகுப்பில் பாதிப் பேருக்குப் பட்டம் கிடைத்திருக்காது. உனக்குக் கிடைத்திருக்கும், விடு.

அதனால் புதுப் பாடம் வேண்டாம். குருப்பட்டத்துக்கு முந்தின படியில் நிற்கும் திருத்தொண்டர்களைப் பங்குகளுக்குப் பூசைக்கு உதவ மட்டும் அனுப்பாதே. பேரவையில் கடைசி நாற்காலியில் உட்காரட்டும், கல்லறை இடத் தகராறைக் கேட்கட்டும், நிதிக்குழுவின் வரவு செலவை எழுதட்டும். முடிவில் அவர்களைப் பற்றிய அறிக்கையைப் பங்குச் சாமியாரோடு பேரவையும் எழுத வேண்டும். இதற்கு ஆயர் சம்மதிப்பாரா என்பது உன் சாமர்த்தியம்.

எங்கள் பங்குக்கே ஒருவரை அனுப்பேன். மாடியறை காலியாகத்தான் இருக்கிறது, மின்விசிறி மட்டும் சத்தம் போடும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முன்பே வந்தால் எங்களுக்கும் ஒரு கை கூடும். சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்