கெய்ட்லின் கிளார்க்கைப் பற்றி எழுதும் மகளுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்
15 ஜூலை 2025

அன்புள்ள காமினி,

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான வாக்கெடுப்பு பற்றிய உன் கட்டுரையை அப்பா அச்சடித்துக் கொடுத்தார். தலைப்பில் ‘பொறாமை’ என்று போட்டது நீயா, உன் பத்திரிகை ஆசிரியரா? நீயாக இருக்காது என்று அப்பா சாதிக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஏனென்றால் உள்ளே அந்தப் பேச்சே இல்லை. ரசிகர்கள் 12 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைக் கொட்டி இண்டியானா அணியின் கெய்ட்லின் கிளார்க்கை முதலிடத்தில் உட்கார வைத்தார்கள். பந்தை நடத்திச் செல்லும் கார்டு இடத்தில் ஆடுபவர்களுக்குள் ஊடகத்தார் அவளை மூன்றாவதாக வைத்தார்கள், சக வீராங்கனைகள் ஒன்பதாவதாக வைத்தார்கள். ரசிகர் வாக்குக்குப் பாதி மதிப்பு, மற்ற இரண்டுக்கும் கால் கால். எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். காயத்தால் அவள் இந்தப் பருவத்தில் பல ஆட்டங்களில் இறங்கவே இல்லை என்பதை மட்டும் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டாய். அது மூன்றாவது வரியிலேயே வந்திருந்தால், தலைப்புப் போடுகிறவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

பொறாமை இருக்கலாம். இல்லாமலும் போகலாம். வாக்களித்த ஒருத்தியிடமாவது கேட்டால்தானே தெரியும்? கேட்காமலே ஒரு லீக் முழுவதன் நெஞ்சுக்குள்ளும் புகுந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார் உன் ஆசிரியர்.

நீ பிறப்பதற்கு முன் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் காதில் செவிப்பேசியை மாட்டிக்கொண்டு, கர்ரிஸ் ஃபவுண்டன் மைதானத்திலிருந்து நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஆட்ட விவரத்தைத் தட்டச்சு செய்து ஆசிரியர் மேசைக்கு அனுப்ப வேண்டும். யார் பந்தைக் கொடுத்தார், யார் முட்டினார், கோல்காவலர் எந்தப் பக்கம் விழுந்தார் என்று அவர் மூச்சு வாங்கச் சொல்வார். பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். மறுநாள் அச்சில் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி இருக்காது. அவர் சொல்லாத ஏதோ ஒன்று தடித்த எழுத்தில் நிற்கும். கிரிக்கெட்டோ கால்பந்தோ கூடைப்பந்தோ, விளையாட்டுப் பக்கத்தை நான் இன்றும் அந்தக் காதோடுதான் படிக்கிறேன். எது மைதானத்திலிருந்து வந்தது, எது மேசையில் பிறந்தது என்பது எனக்குக் கேட்டுவிடும். கிளார்க்கைப் பற்றி வருகிறவற்றில் பெரும்பகுதி மேசையில் பிறந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024இல், அவளுடைய முதல் பருவத்தில், 337 அசிஸ்ட், அதாவது இன்னொருத்தி கூடையில் போட இவள் கொடுத்த பந்துகள். அந்த லீக்கில் ஒரே பருவத்தில் யாரும் அதுவரை அத்தனை கொடுத்ததில்லை. ஜூலை 17ஆம் தேதி டாலஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19, அதுவும் சாதனை. அதே பருவத்தில் அவள் கையிலிருந்து நழுவியும் பறிபோயும் வீணான பந்துகள் 223. அதுவும் சாதனைதான், வேண்டாத சாதனை. இந்த இரண்டு எண்களும் ஒரே கையிலிருந்து வந்தவை. யாரும் எதிர்பாராத இடத்துக்குப் பந்தை வீசத் துணிகிறவளிடம் சில தப்பிப் போகத்தானே செய்யும்? இந்தத் துணிச்சல் எந்த ஆட்டத்தில் அணியைக் காப்பாற்றியது, எந்த ஆட்டத்தில் கவிழ்த்தது என்று எழுதினால் நான் காலைத் தேநீரை ஆறவிட்டுப் படிப்பேன். ஆனால் அவளைக் கொண்டாடுகிறவர்கள் 337ஐ மட்டும் எழுதுகிறார்கள், பிடிக்காதவர்கள் 223ஐ மட்டும். அந்த 19 அசிஸ்ட் ஆட்டத்தில் இண்டியானா தோற்றது என்பதை எத்தனை பேர் முதல் பத்தியில் எழுதினார்கள்?

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவளோடு ஒரே களத்தில் ஓடுகிற பெண்களையெல்லாம் அவள் வழக்கின் சாட்சிகளாக்கிவிட்டார்கள். 2024 ஜூன் 1 நினைவிருக்கிறதா? பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே சிகாகோவின் செனடி கார்ட்டர் அவளை இடித்துத் தள்ளினாள். தவறுதான். மறுநாள் லீக் அதைக் கடுமையான ஃபவுலாக உயர்த்தியது. அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். அந்த ஆட்டம் 71–70. ஒரே ஒரு புள்ளி! கடைசி நிமிடங்களில் யார் என்ன செய்தார்கள் என்று தேடித் தேடிப் பார்த்தேன், அந்த இடிதான் கிடைத்தது, பக்கம் பக்கமாக. கிளார்க் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று கார்ட்டர் சொன்னதும் அதையே இன்னொரு செய்தியாக்கினார்கள்.

பிறகு அதே ஆண்டு செப்டம்பர். பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்தில் கனெக்டிகட் அணியின் டிஜோனாய் கேரிங்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டது. நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே செய்தது இல்லை என்று கிளார்க்கே சொன்னாள். யுஎஸ்ஏ டுடேயின் கிறிஸ்டின் பிரென்னன் கேரிங்டனிடம் வேண்டுமென்று அடித்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அதைப் பற்றிச் சக வீராங்கனையோடு சிரித்தாயா என்று அடுத்துக் கேட்டார். வீராங்கனைகள் சங்கம் கொதித்தெழுந்து, பிரென்னன் நிருபர் அனுமதி அட்டைக்கே தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டது. நீ அப்போது தொலைபேசியில் சங்கத்தின் பக்கம் பேசினாய். எனக்கு இப்போதும் உடன்பாடில்லை. முதல் கேள்வி நியாயமானது. கண்ணில் விரல் பட்டால் பட்டவளிடமும் கேட்க வேண்டும், பட்டது யார் விரலோ அவளிடமும் கேட்க வேண்டும். ‘இல்லை’ என்று சொல்ல அவளுக்கு அது ஒரு வாய்ப்பும்கூட. இரண்டாவது கேள்விதான் வேறு ரகம். அதில் ஆட்டம் இல்லை. எங்கோ யாரோ கட்டிவைத்த கதைக்கு அவள் வாயிலிருந்து ஒரு வரி பிடுங்கும் வேலை அது. ஆனாலும் ஒரு மோசமான கேள்விக்காக அட்டையைப் பற்றிப் பேசுவதா? இந்த நாட்டில் பத்திரிகைக்காரர்களின் அட்டையையும் கடவுச்சீட்டையும் யார் யார் பறித்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வாசலை யாருக்கும் திறந்துவிடக் கூடாது.

இதே கேரிங்டன் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் கிளார்க்கைக் குறை சொன்னாள், ஞாபகம் வைத்துக்கொள். தன் பெயரை வைத்து மற்றவர்கள் வெறுப்பைக் கக்குவதைப் பற்றிக் கேட்டபோது, அது தன் கையில் இல்லை என்று கிளார்க் நழுவினாள். கேரிங்டனுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே இன்னொரு நிருபர் மறுபடி கேட்க, அது ஏமாற்றமளிக்கிறது, ஏற்க முடியாது என்று கிளார்க் தெளிவாகச் சொன்னாள். அந்த இரண்டாவது நிருபரைத்தான் எனக்குப் பிடிக்கிறது. சத்தம் போடவில்லை, பத்தி எழுதித் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுபடி கேட்டார், பதில் கிடைத்தது.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அயோவாவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண், கறுப்பினப் பெண்கள் கட்டியெழுப்பிய லீக். 2023 கல்லூரி இறுதியாட்டத்தில் எதிரணியின் ஏஞ்சல் ரீஸ் முகத்துக்கு முன் கையை ஆட்டிக் காட்டியதற்கு அவளை நாகரிகம் தெரியாதவள் என்றார்கள். சில நாள் முன்பு கிளார்க் அதே சைகையைக் காட்டியபோது அது போட்டி உணர்ச்சி. ரீஸைக் குறை சொல்லக் கூடாது என்று கிளார்க் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ஓயவில்லை. நிறம் பார்த்து ஆட்களைப் பிரித்துக் குடியேற்றிய சட்டத்தால் உண்டான ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இது கண்ணில் படாமல் போகாது, உனக்கும் போகாது. ஆனால் அதைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற நிருபர்கள் நிறைய. எந்த ஆட்டத்தை எடுத்தாலும் முதல் பத்தியிலேயே விடை தயாராக இருக்கிறது. பிறகு ஆட்டத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

(இங்கே டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் முடிந்தது. பத்திரிகைகளில் குதிரைகளைவிடத் தொப்பிகளுக்குப் பக்கம் அதிகம். ஜெயித்த குதிரையின் பெயரை அப்பா பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.)

நீ அனுப்பிய கூடைப்பந்து வீரன் அலன் ஐவர்சனின் காணொளியை முழுதாகப் பார்த்தேன். 2002 மே மாதம், ‘பயிற்சியைப் பற்றியா பேசுகிறோம்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறானே, அது. உலகமே அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தது. நானும் அந்தத் துண்டைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அதே சந்திப்பில் தன் உயிர் நண்பனை இழந்ததைப் பற்றியும் பேசியிருக்கிறான் பாவி. முந்தைய ஆண்டு அந்த நண்பனைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அறை நிறைய நிருபர்கள் இருந்தார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. எதை வெட்டினார்கள், எதை வைத்தார்கள் என்று பார்.

சரி, நல்லது ஒன்றும் சொல்ல வேண்டாமா? 2013இல் ஆண்கள் கூடைப்பந்து லீக்கில் லெப்ரான் ஜேம்ஸுக்கு மிகச் சிறந்த வீரர் விருதுக்கு 121 வாக்குகளில் 120 விழுந்தன. அப்போது அவரைப் போல ரசிகர்களை இரண்டாகப் பிரித்த ஆள் வேறு யாரும் இல்லை. கிளீவ்லாந்து அணியை விட்டுப் போவதை 2010இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவே நடத்தியவர் ஆயிற்றே. அந்த ஒரே ஒரு வாக்கை கார்மெலோ ஆந்தனிக்குப் போட்டவர் பாஸ்டன் குளோப் நிருபர் கேரி வாஷ்பர்ன். யார் அந்த ஆள் என்று ஊர் தேடுவதற்குள் தானே முன்வந்து, தன் பெயரில், காரணத்தோடு எழுதினார். அந்தக் காரணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மனிதர் தன் முகத்தைக் காட்டினார். சென்ற ஆண்டு அறிமுக வீராங்கனை விருதில் கிளார்க்குக்கு 67இல் 66 வாக்கு, ரீஸுக்கு ஒன்று. அந்த ஒற்றை வாக்கை வைத்து எத்தனை நாள் ஊதினார்கள்! உனக்கு வாக்களிக்கும் இடம் ஒருநாள் கிடைக்கும். கிடைக்கும்போது, யாருக்குப் போட்டாய், ஏன் போட்டாய் என்று உன் பெயரில் எழுதிவிடு.

எதிர்முனையும் உன் ஊரான இண்டியானாபோலிஸிலேயே நடந்தது. 2024 ஏப்ரலில் கிளார்க் இண்டியானாவுக்கு வந்த முதல் பத்திரிகையாளர் சந்திப்பில், உள்ளூர் நாளிதழின் பத்தி எழுத்தாளர் ஒருவர் அவள் குடும்பத்துக்குக் காட்டும் இதயச் சைகையைத் தானும் காட்டி, எனக்கும் இப்படிக் காட்டினால் நாம் ஒத்துப்போவோம் என்கிற மாதிரி பேசினார். மன்னிப்புக் கேட்டார், இரண்டு வாரம் இடைநீக்கமும் ஆனார். இருபத்திரண்டு வயதுப் பெண் வேலைக்கு வந்த முதல் நாள். அதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சென்ற வியாழக்கிழமை நம் நாட்டு ஓட்டக்காரி காஸ்டர் செமெனியாவின் வழக்கில், இயற்கையான ஹார்மோன் அளவைக் குறைத்தால்தான் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்ற விதியை எதிர்த்த வழக்கில், தீர்ப்பு வந்ததே, அதை உன் அலுவலகத்தில் யாராவது எழுதினார்களா? சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அவள் வழக்கைப் போதிய அக்கறையோடு ஆராயவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009இல் பெர்லினில் அவளுக்குப் பதினெட்டு வயது. 800 மீட்டரை 1 நிமிடம் 55.45 வினாடியில் ஓடி உலகப் பட்டம் வென்றாள். வென்றவர்களின் பத்திரிகையாளர் சந்திப்பில் அவள் இல்லை. அவளுக்குப் பதிலாக உலகத் தடகளச் சம்மேளனத்தின் அதிகாரி வந்து உட்கார்ந்தார், நிருபர்கள் அவள் உடம்பைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். கடைசிச் சுற்றை எப்படி ஓடினாள், எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினாள் என்று அன்று கேட்க ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. கிளார்க்கின் கதை அவ்வளவு கொடுமையானது என்று சொல்லவில்லை, அவளுக்குப் பணமும் புகழும் அரங்கம் நிறையக் கூட்டமும் இருக்கின்றன. ஆனால் ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளை விட்டுவிட்டு அவளைப் பற்றிய சண்டையை எழுதுகிற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உன் ஆசிரியர் ஒவ்வொரு தலைப்பிலும் கிளார்க் பெயர் வேண்டும் என்கிறார், இல்லாவிட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சொல்வது பொய் இல்லை. அந்தப் பெயரால்தான் உனக்குச் சம்பளமும் வருகிறது, அதை மறந்துவிட்டு வீராப்புப் பேசாதே. தலைப்பு அவருடையதாக இருக்கட்டும். அதன் கீழே அதே அணியின் அலியா பாஸ்டன் எதிரணியின் உயரமான ஆட்டக்காரியை எப்படி மறித்தாள் என்று நீ எழுதலாம், அதை அவர் வெட்ட வேண்டுமானால் காரணம் சொல்லித்தான் வெட்ட வேண்டும். தினமும் எழுதினால் தினமும் காரணம் தேட அவருக்கே அலுத்துவிடும்.

வீட்டுச் செய்தி: ஆடி பிறக்கப்போகிறது, கோயிலில் கூழ் ஊற்றுவதற்குப் பாத்திரங்கள் துலக்க ஆள் போதவில்லை என்று அப்பா தினமும் போய்விடுகிறார். ஆயாவின் முழங்கால் பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஆல்-ஸ்டார் ஆட்டம் உன் ஊரிலேயே, கிளார்க் ஓர் அணிக்குத் தலைவி. இங்கே அப்போது ஞாயிறு அதிகாலை. நான் விழித்திருப்பேன். அவளை ஒன்பதாவதாக வைத்தவர்களில் சிலர் அன்று அந்த ஓய்வறையில் இருப்பார்கள், உன் கையில் அட்டை இருக்கிறது. பொறாமையா என்று கேட்காதே. உன் பட்டியலில் முதல் இரண்டு பேர் யார், ஏன் என்று கேள். சொன்னதை அப்படியே எழுதி எனக்கு முதலில் அனுப்பு, மேசைக்குப் போவதற்கு முன்.

அன்புடன்,
அம்மா