ஹால்சேண்ட்ஸ்: புயலுக்கு முன்பே போன கரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையிலிருந்த ஹால்சேண்ட்ஸ் கிராமத்தை 1917 ஜனவரி 26 அன்று புயல் அழித்ததாகத் தங்கள் இதழில் 'இயற்கையின் சீற்றம்' என்ற தலைப்பில் வந்த குறிப்பு பாதிக் கதைதான்.

1891 கணக்கெடுப்பின்படி அங்கே 37 வீடுகள், 159 பேர். பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் கடல், நடுவே ஒடுங்கிய பாறைத்திட்டில் நெருக்கியடித்த வீடுகள். நண்டு பிடிப்பதும் கரைவலை இழுப்பதும் தொழில். (நியூஃபவுண்ட்லாந்து நாய்கள் நீந்திப்போய்ப் படகின் கயிற்றைக் கவ்விவருமாம்!) படகேற்றவும் அலையைத் தடுக்கவும் அவர்களுக்கு இருந்தது கூழாங்கல் கரை ஒன்றே. மேலேறும் அலையின் நீர் கற்களின் இடுக்கில் இறங்கிவிடுவதால் வேகம் அங்கேயே அடங்கிவிடும்.

1897இல் பிளிமத்தின் கீஹாம் கடற்படைத் தளத்தை விரிவாக்கக் கான்கிரீட்டுக்குக் கல் தேவைப்பட்டது. ஒப்பந்ததாரர் சர் ஜான் ஜாக்சனுக்கு, ஊருக்கெதிரே கடலில் தூர்வாரிக் கல் அள்ள அரசு அனுமதி தந்தது. ஊராரை யாரும் கேட்கவில்லை. நாளொன்றுக்கு 1,600 டன்வரை அள்ளினார்கள். மொத்தம் சுமார் 6,50,000 டன். அள்ளிய பள்ளத்தைக் கடலே நிரப்பிவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. நிரப்பத்தான் செய்தது, ஊரின் கரையிலிருந்த கல்லைக் கொண்டு! அங்குள்ள கற்களில் பெரும்பகுதி பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது ஒதுங்கிய பழைய சக்கிமுக்கிக் கற்கள். புதிய வரத்து கிடையாது. மீனவர்கள் போராடி 1902 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்யவைத்தபோது கரை சில இடங்களில் 12 அடிவரை தாழ்ந்திருந்தது.

இன்னொரு பலவீனமும் இருந்தது. பாறைத்திட்டின் பிளவுகளில் மணலும் சரளையும்தான் அடைந்திருந்தன. சில வீட்டுச் சுவர்கள் அவற்றின்மேல் நின்றன. கரை தாழ்ந்ததும் அலை அந்த அடைப்பை உருவி எடுக்க, சுவர் அந்தரத்தில் நிற்கும். 1903இலேயே வீடுகள் விழுந்தன. பிறகு கட்டிய தடுப்புச் சுவர்களை நம்பி மற்றவர்கள் தங்கிவிட்டார்கள்.

அந்த விரிகுடா கிழக்கு பார்த்தது. வழக்கமான தென்மேற்குக் காற்றை ஸ்டார்ட் முனை மறைத்துவிடும். 1917இல் கிழக்கிலிருந்து சூறைக்காற்றும் பெரிய ஓதமும் (கடலேற்றமும்) ஒன்றாக வந்தன. உயிரிழப்பு இல்லை; ஆனால் குடியிருக்கத் தக்கதாக மிஞ்சியது ஒரே வீடு. கரை தாழ்ந்த கணக்கை ரிச்சர்ட் ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த் என்ற பொறியாளர் நேரில் அளந்து பதிவு செய்திருக்கிறார். இது ஊர்வாய்ப் பேச்சல்ல.

'இயற்கையின் சீற்றம்' என்ற அந்தத் தலைப்பு அனுமதி கொடுத்தவர்களுக்கு வசதியானது. அடுத்த இதழில் 1897ஐயும் சேர்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்