மின்ஸ்க் தோழியைப் பற்றி

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்கு விடுமுறை.

நம்மோடு மின்ஸ்கில் மருத்துவம் படித்தவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். "பெலாரஸில்தான் எல்லாம் அடங்கிவிட்டதே, ஏன் இன்னும் லிதுவேனியாவில், வில்னியஸில் கிடக்கிறாள்?" என்று. எப்படி அடங்கியது என்று சொன்னால்தான் உனக்குப் புரியும்.

2020 ஆகஸ்ட் 9 தேர்தலில், 1994 முதல் நாற்காலியை விடாத அதிபர் லுகாஷென்கோவுக்கு 80 சதவீத ஓட்டு என்று அறிவித்தார்கள். கணவர் செர்கெய்யைச் சிறையில் போட்டதால் அவர் இடத்தில் நின்ற ஸ்வெத்லானா டிகானோவ்ஸ்கயாவுக்கு வெறும் 10. அவருக்குக் கூடிய கூட்டத்தைக் கண்ணால் பார்த்த சனங்கள் அதை எப்படி நம்புவார்கள்? தெருவுக்கு வந்தார்கள். முதல் சில நாட்களிலேயே ஏறக்குறைய 7,000 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விடுதலையாகி வந்தவர்களின் முதுகும் தொடையும் கன்றிக் கறுத்திருந்த படங்களை நீயும் பார்த்திருப்பாய்.

அதைப் பொறுக்காமல்தான் ஆகஸ்ட் 12 அன்று பெண்கள் வெள்ளை உடுத்தி, பூவோடு சாலையோரம் கைகோத்து நின்றார்கள். நம்மவளும் நின்றாள். கோஷம்கூடப் போடவில்லையாம். யாரோ எடுத்த படத்தில் முகம் தெளிவாக விழுந்துவிட்டது. அப்புறம், அடிதடியைக் கண்டித்து டாக்டர்கள் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அங்கே வேலை ஒப்பந்தத்தில்தானே ஓடுகிறது? யாரையும் நீக்கவே வேண்டாம், புதுப்பிக்காமல் விட்டால் போதும். அவள் ஆஸ்பத்திரியும் அதைத்தான் செய்தது.

இப்போது அவளை வாட்டுவது பாஸ்போர்ட். தூதரகங்களில் புதுப்பிக்க முடியாது, நாட்டுக்குள் வந்துதான் வாங்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ஆணை போட்டுவிட்டார்கள். போனால், பழைய படங்களைப் புரட்டி ஆளைத் தூக்குகிறார்கள். அதனால் அம்மா இறந்தபோதுகூட அவளால் போக முடியவில்லை. அந்த வீட்டை விற்கவும் வழியில்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் அங்கே செல்லாது, அதுவும் அதே ஆணைதான். நமக்கு போர்ஷ்ட் சூப் வைத்துத் தருவாரே, அந்த அடுப்படி பூட்டிக் கிடக்கிறது மலர்.

டிகானோவ்ஸ்கயாவின் கணவர் செர்கெய்க்கு 18 ஆண்டு தண்டனை. இரண்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறாரா என்றே மனைவிக்குத் தெரியாது. 2025 ஜூனில் பாதி உடம்பாக வந்தவரை மகளுக்கு அடையாளமே தெரியவில்லை. அதைச் சொல்லும்போதே செர்கெய் உடைந்து அழுதார். டிகானோவ்ஸ்கயாவோடு சேர்ந்து பிரசாரம் செய்தவர், நாடு கடத்த எல்லைக்குக் கொண்டு போனபோது பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்ற மரியா கொலெஸ்னிகோவாவுக்கு 11 ஆண்டு. கடைசியில் 2025 டிசம்பரில் அவரையும் நோபல் பரிசு பெற்ற அலெஸ் பியாலியாட்ஸ்கியையும் சேர்த்து 123 பேரை விட்டார்கள். பதிலுக்கு பொட்டாஷ் உரத்தின் மேலிருந்த தடையை அமெரிக்கா நீக்கியது. மனிதரைக் கொடுத்து உர வியாபாரம்! விட்டதும் ஊருக்கு அல்ல, எல்லைக்கு அப்பால். போக மாட்டேன் என்று எதற்காகச் சிறைக்குப் போனாரோ, அந்த மண்ணைத்தான் மரியாவிடமிருந்து பிடுங்கினார்கள்.

"தோற்றுத்தானே போனார்கள், எதற்கு இவ்வளவு கஷ்டம்?" என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசு வலித்தது. கஷ்டம் வரும் என்று தெரியாமலா அவள் போய் நின்றாள்? முந்தின இரண்டு நாளும் ஆட்களைக் கொண்டு வந்து குவித்த ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டது அவள்தான். மறுபடியும் போவாயா என்று கேட்டேன். "போவேன். ஆனால் அம்மாவை முன்னாடியே கூட்டி வந்திருப்பேன்" என்றாள்.

சரி, அவள் விலாசம் அனுப்புகிறேன், நாலு வரி எழுது. மின்ஸ்கில் இருக்கும் அவள் அண்ணனுக்கு மட்டும் எதுவும் அனுப்பிவிடாதே. அங்கே போனை வாங்கிப் பார்க்கிறார்கள்; நாம் நலம் விசாரிக்கப் போய் அது அவருக்கு வினையாகிவிடக் கூடாது.

அன்புடன்,
கலா