தம்பிக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். கீழ்வீட்டுச் சீனப் பாட்டி விடிவதற்குள் கதவைத் தட்டி "சுடா மாக்கான்?" என்று மலாயில் கேட்கிறது, சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். சாப்பிட்டாச்சு என்று சொன்னால்தான் நகரும்.

டூரிஸ்டாக மலேசியா வந்து வேலைக்கு நின்றுவிடலாம் என்று சித்தப்பா கூட்டி வந்த ஏஜெண்ட் சொல்லும் பேச்சைக் கேட்காதே. 2023 டிசம்பரிலிருந்து நம்மவர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அது சுற்றிப் பார்க்க. அதில் வந்து வேலைக்கு நின்றால் பிடிபடும் நாள்வரைதான் சம்பளம். நீ பத்தாவது முடிக்காததால் உன் பாஸ்போர்ட் இசிஆர் (குடியகல்வுச் சோதனை தேவைப்படும் வகை); வேலைக்குப் போகிறவனுக்குக் குடியகல்வு அனுமதி வேண்டும், டூரிஸ்டுக்கு வேண்டாம். ஏஜெண்டுக்கு அந்தக் குறுக்குவழிதான் லாபம்.

முதலில் இங்குள்ள முதலாளி பேரில் காலிங் விசா (வேலைக்குக் கூப்பிடும் அனுமதி) வரட்டும். அதில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்க, இவர்கள் இனிஷியல் மட்டும் அடித்துவிடுவார்கள், அங்கேதான் சிக்கும். அப்புறம் நம் அரசின் இமைக்ரேட் தளத்தில் ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி காப்பீடு (இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்), குடியகல்வு அனுமதி. உரிமம் உள்ள ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீது கேள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடு.

இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பு. இலவசம், காசு கேட்கும் தளம் போலி.

வந்த 30 நாளுக்குள் ஃபோமெமா என்கிற, வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கான மருத்துவப் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. சின்ன வயதில் உனக்கு பிரைமரி காம்ப்ளெக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) இருந்ததே, நெஞ்சில் தழும்பு தெரிந்தால் திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். ஊரிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. வேலை பர்மிட் எந்த முதலாளி பேரில் வருகிறதோ அவரிடம்தான் வேலை. பக்கத்துக் கடையில் ஒரு நாள் நின்றாலும் குற்றம். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே, முதலாளி அதை வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி தப்பு.

மழை பெய்தால் நம் திண்ணை ஞாபகம் வருகிறது. பாட்டி கேட்காத நாளில் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

ஏஜெண்டுக்காக மேட்டு நிலத்துப் பத்திரத்தைத் தொடாதே, அது அம்மா பெட்டியிலேயே இருக்கட்டும். அக்கா வளைகாப்புக்கு இந்த மாதம் கொஞ்சம்தான் அனுப்பியிருக்கிறேன், ரேட் சரியில்லை. மீதியை மாமாவிடம் வாங்கிச் சமாளி. நான் சொன்னதாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
அண்ணன்